நாணற்காடும் அதனைப் பார்த்த கண்களும்

பயண நூல்களைப்பற்றி நமது திறனாய்வாளர் அதிகம் பேசுவதில்லை. நாவலும் சிறுகதையும் கவிதையும் ஆராயப்படுமளவிற்கு அவை ஆராயப்படுவதில்லை. ஓய்வு நேரத்திற் படித்து மகிழ்வதற்குரியவை என்ற அளவிலேயே அவை மதிக்கப்பட்டு வருகின்றன. ஆயினும் ஒரு பயண நூல் சில வேளைகளில் நாவலினும் பெரிய காரியத்தைச் செய்துவிடுகின்றது. தொலைவிலுள்ள நிலமொன்றைப் பற்றி உலகம் கொண்டிருக்கும் எண்ணத்தை அது உருவாக்குகின்றது. அந்நிலம் அழியும்போது எதனை இழந்தோம் என்பதையும், அதனை மீட்கப் புகும்போது எதனை மீட்க வேண்டும் என்பதையும் அந்த எண்ணமே பெருமளவிற்குத் தீர்மானித்து விடுகின்றது. அவ்வாறாயின், அந்நூலைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது வெறும் இலக்கிய விவகாரமாக நின்றுவிட முடியாது.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைவது 1964 ஆம் ஆண்டில் வெளிவந்த 'சதுப்பு நில அராபியர்' என்னும் ஆங்கில நூலாகும். அதனை எழுதியவர் வில்பிரெட் தெசிஜர். தென் ஈராக்கின் சதுப்பு நிலங்களிலே 1951 முதல் 1958 வரை, பெரும்பாலான ஆண்டுகளிற் பல மாதங்கள் தங்கி வாழ்ந்தவர் அவர். அச்சதுப்பு நிலங்கள் 1990களில் ஏறத்தாழ முற்றாக அழிக்கப்பட்டன. 2003க்குப் பின் அவற்றுள் ஒரு பகுதி மீட்கப்பட்டது. இன்று மீண்டும் அவை நீரின்றி வாடுகின்றன. இவ்வரலாற்றைக் கையிற் கொண்டு தெசிஜரின் நூலை மறுபடியும் படிக்குமிடத்து, முதற் பதிப்பு வந்த காலத்து வாசகர்க்குப் புலப்பட்டிராத சில உண்மைகள் நமக்குப் புலப்படுகின்றன.

முதலில் நிலத்தை நோக்குவோம். தைகிரிஸ், யூப்ரட்டீஸ் என்னும் இரு பேராறுகளும் ஒன்றுசேர்ந்து ஷட்-அல்-அராப் ஆகிக் கடலை நாடுமுன், மிகத் தாழ்ந்த சமவெளியிலே பரந்து தேங்குகின்றன. அனத்தோலிய மலைகளிற் பனி உருகும் இளவேனிற் காலத்தில் வெள்ளம் பெருகும். கோடையின் முடிவில் வற்றும். இந்த ஏற்றவிறக்கமே அந்நிலத்தின் மூச்சு. வெள்ளம் வண்டலைக் கொணர்ந்தது. கோடையிற் சேர்ந்த உப்பைக் கழுவிச் சென்றது. மீன் முட்டையிடுவதற்கேற்ற ஆழமற்ற நீர்ப்பரப்பை உண்டாக்கியது. 1970களிலே 15,000 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பரப்பில் விரிந்து கிடந்த இச்சதுப்புகள் மூன்று பெரும் பகுதிகளாகக் கொள்ளப்படும். தைகிரிசுக்கும் யூப்ரட்டீசுக்கும் இடைப்பட்டது மத்திய சதுப்பு. யூப்ரட்டீசின் தெற்கே உள்ளது ஹம்மார். தைகிரிசின் கிழக்கே ஈரானிய எல்லையைக் கடந்து கிடப்பது ஹவிஸா.

அங்கு ஆள் உயரத்திற்கு மேலே நாணல் வளர்ந்தது. அந்நாணலைக் கட்டுகளாக்கி வளைத்து, ஆணியொன்றும் இன்றி, முதீஃப் எனப்படும் விருந்தினர் மண்டபங்களை மக்கள் எழுப்பினர். நாணலையும் மண்ணையும் அடுக்கடுக்காக இட்டு மிதித்துத் தீவுகளைச் சமைத்து, அவற்றின்மேற் குடியிருந்தனர். நிலக்கீல் பூசிய ஒடுங்கிய தோணிகளிலே போக்குவரத்து நடந்தது. எருமைகள் பகலெல்லாம் நீரில் மேய்ந்து மாலையில் வீடு திரும்பின. நெற்செய்கை, மீன்பிடி, பாய் முடைதல், பாலேடு விற்றல் ஆகியன தொழில்கள். இற்றைக்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட சுமேரியச் சிற்பமொன்றிலும் இவ்வகை நாணல் மனை செதுக்கப்பட்டிருக்கின்றது.

தெசிஜரின் நூலுக்குரிய சிறப்புகளை முதலிற் கூறுவதே நேர்மையாகும். அவர் ஒரு பிரபுத்துவக் குடும்பத்தில், எத்தியோப்பியாவிலிருந்த பிரித்தானியத் தூதரகத்தில் 1910 இற் பிறந்தவர். பேரரசின் அதிகாரியாகச் சூடானிற் பணியாற்றியவர். அவ்வாறிருந்தும், சதுப்பு மக்களிடையே அதிகாரியாக அவர் செல்லவில்லை. அவர்களுடைய தோணியில் அமர்ந்து, அவர்கள் உண்டதை உண்டு, அவர்கள் பாயிற் படுத்து உறங்கினார். மருந்துப் பெட்டியொன்றைச் சுமந்து சென்று கிராமந்தோறும் நோய்க்கு மருந்திட்டார். மருத்துவமனையோ மருத்துவரோ எட்டிப் பாராத கிராமங்களில் அது சிறிய உதவியன்று. தாம் மானிடவியலாளர் அல்லர் என்றும், அங்கு வாழ்வது தமக்கு மகிழ்ச்சி தந்தமையாலேயே வாழ்ந்தார் என்றும் அவர் ஒளிவின்றி ஒப்புக்கொள்கிறார். நாணலின் வகை, தோணியின் கட்டு, எருமையின் குணம், காட்டுப்பன்றியின் சீற்றம், நீர்ப்பறவைகளின் வருகை ஆகிய யாவும் கண்டவனுடைய உறுதியோடு எழுதப்பட்டுள்ளன. மிகையில்லாத வசனநடை, சொற் சிக்கனம் மிக்கது. அவர் எடுத்த புகைப்படங்கள் இன்றும் அந்நிலத்தின் ஆவணங்களாக நிற்கின்றன. அழிந்துபோனதொன்றை இத்துணை நுணுக்கமாகப் பதிந்து வைத்தமைக்கு ஈராக்கிய மக்களே அவருக்கு நன்றி கூறுவர்.

சதுப்புகள் விரைவில் வடிக்கப்படலாம் என்றும், பல்லாயிரம் ஆண்டு நிலைத்த வாழ்க்கைமுறை அத்துடன் மறையும் என்றும் அவர் முன்கூட்டியே எழுதினார். அது பலித்தது. அதனாற்றான் அவருடைய நூல் பிற்காலத்தில் ஒரு தீர்க்கதரிசனமாகவே போற்றப்படலாயிற்று.

நூலின் குறைபாடு தொடங்குவதும் இவ்விடத்திற்றான். எதனை அவர் அழிவு என்று கருதினார்? நீர் வடிந்து போவதும் இளைஞன் பள்ளிக்கூடம் போவதும் அவர் பார்வையில் ஒரே அழிவின் இரு முகங்களாகத் தெரிகின்றன. எழுத்தறிவு பெற்ற இளைஞன் கிராமத்தில் மனம் பொருந்தாது நகரத்தை நாடுவதை அவர் கசப்போடு குறிப்பிடுகிறார். ஐரோப்பிய உடையணிந்த ஈராக்கிய அலுவலன் அவர் ஏட்டிலே பெரும்பாலும் ஏளனத்திற்குரியவன். நாணல் மண்டபத்தில் வீற்றிருக்கும் ஷேக்கோ தன் குறைகளோடுங்கூட மரியாதைக்குரியவன். இயந்திர நாகரிகத்தின்மேல் வெறுப்புற்று வந்த ஒருவர், அது தீண்டாத மனிதரைத் தேடினார், கண்டார், அவர்கள் அவ்வாறே இருந்துவிட வேண்டுமென விரும்பினார். அவ்விருப்பத்திற்கு அம்மக்களின் சம்மதத்தை அவர் கேட்கவில்லை.

அன்றைய அமாரா மாகாணத்தின் நில உறவுகளை நோக்கினால் இதன் பொருள் தெளிவாகும். அங்கே பரந்த நெல்வயல்களும் நீர்வாய்க்கால்களும் அரசாங்கத்திடமிருந்து குத்தகை பெற்ற ஒருசில பெரும் ஷேக்குகளின் கையில் இருந்தன. பழைய குலத் தலைவன் பிரித்தானிய ஆட்சியின் துணையோடு நிலப்பிரபுவாக மாறியிருந்தான். கடன்பட்ட உழவன் கடன் தீரும்வரை நிலத்தை விட்டகல முடியாதவாறு 1933 ஆம் ஆண்டுச் சட்டமொன்று அவனைப் பிணித்திருந்தது. இப்பிணிப்பை அறுத்துக்கொண்டு ஓடியவர்களே பக்தாத்தின் புறத்தே நாணற் குடிசைகள் கட்டிச் சேறும் கழிவும் சூழ வாழ்ந்தவர்கள். அவர்களுட் பெருந்தொகையினர் அமாராவிலிருந்து வந்தவர்களாவர். 1958 ஜூலைப் புரட்சியின் பின்னர் காசிமின் அரசாங்கம் அமைத்த 'புரட்சி நகர்' என்னும் குடியிருப்பு அவர்களுக்காகவே எழுந்தது. பின்னாளில் அது சதர் நகர் எனப் பெயர் பெற்றது. அதே 1958 ஆம் ஆண்டுச் செப்டெம்பரில் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து பெருநிலவுடைமைக்கு எல்லை வகுத்தது.

தெசிஜர் இவற்றை அறியாதவர் அல்லர். பெருநிலப்பிரபுவான மஜீத் அல்-கலீபாவின் மகன் பாலிஹ் அவருக்கு நெருங்கிய நண்பன். அவருடைய அழகிய தோணியே பாலிஹ் அளித்த பரிசு. பாலிஹ் வேட்டையின்போது தவறுதலாகச் சுடப்பட்டு இறந்தமை நூலின் உருக்கமான பகுதிகளுள் ஒன்று. அதனைப் படிப்பவர் மனங் கசியாதிருக்க முடியாது. ஆனால் அந்த மண்டபத்தில் வழங்கப்பட்ட விருந்துச் சோறு எவருடைய வயலில் விளைந்தது, விளைவித்தவனுக்கு எத்துணை எஞ்சியது என்ற வினா ஆசிரியரின் கதையோட்டத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை. புரட்சிச் செய்தி வந்தபோது அவர் அயர்லாந்தில் இருந்தார். அதன்பின் அவர் திரும்பிச் செல்ல இயலவில்லை. தாம் நேசித்த உலகம் அன்றே முடிந்துவிட்டதாக அவர் உணர்ந்தார். கடனிற் கட்டுண்ட உழவனுக்கோ அன்று வேறொன்று தொடங்கியிருந்தது. ஒரே நாள் ஒருவருக்கு முடிவாகவும் மற்றொருவனுக்குத் தொடக்கமாகவும் இருந்திருக்க, நூலில் இடம்பெற்றது முதலாவது உணர்வு மட்டுமே.

பெண்கள் விடயத்திலும் இதுவே நிலை. ஆண்களின் அவையிலே பழகிய அந்நியருக்குப் பெண்கள் வாழ்க்கை மூடப்பட்டிருந்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் எருமைக்கு இளநாணல் அறுத்து வருவது, பால் கறப்பது, பாலேட்டைச் சந்தைக்குக் கொண்டுசெல்வது, சாணத்தை எரிபொருளாக்குவது, பாய் முடைவது ஆகிய வேலைகளிற் பெரும்பங்கு அவர்களுடையது. சதுப்பு நிலத்தின் பொருளாதாரத்தைத் தாங்கி நின்ற கைகள் நூலின் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன.

இவ்விடத்தே பிறிதொரு நூலை அருகில் வைத்து நோக்குதல் பயனுடையது. ஷாக்கிர் முஸ்தபா சலீம் என்னும் ஈராக்கிய மானிடவியலாளர், யூப்ரட்டீஸ் கரையிலுள்ள சிபாயிஷ் என்னும் ஊரில் 1950களிலே தங்கி ஆய்வு செய்து எழுதிய நூல் 1962 இல், தெசிஜருடையதற்கு இரண்டாண்டு முன்னதாக வெளிவந்தது. அதில் வீரமும் வேட்டையும் குறைவு. கணக்கும் உறவுமுறையும் அதிகம். அவ்வூரிற் குலத்தலைவனுடைய அதிகாரம் 1920களிலேயே தகர்ந்தமையையும், பாய் முடையும் குடும்பங்கள் வியாபாரியோடு கொண்டிருந்த தொடர்பையும், நெசவாளரும் வலைவீசி மீன்பிடிப்போரும் பிறரால் இழிவாக நோக்கப்பட்டமையையும் அந்நூலில் நாம் அறிகிறோம். எருமை வளர்ப்போரைக் குறிக்கும் 'மஃதான்' என்னும் பெயரே நகரத்தாரும் உழவரும் இகழ்ச்சியோடு வழங்கிய பெயராகும். காலங்கடந்த, பிளவற்ற, தூய சமுதாயம் என ஒன்று அங்கிருக்கவில்லை. ஏனைய சமுதாயங்களைப் போலவே மாற்றத்திற்கும் முரண்பாட்டிற்கும் உட்பட்ட ஒரு சமுதாயமே இருந்தது.

சலீமின் நூல் இன்று பல்கலைக்கழக நூலகங்களில் உறங்குகின்றது. தெசிஜரின் நூலோ மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்படுகின்றது. அந்நிலத்தைச் சார்ந்த நாட்டவன் எழுதியதைக் காட்டிலும் அந்நியன் எழுதியதே உலகின் கண்ணாகிவிட்டது. வசனத்தின் அழகு இதற்கு ஒரு காரணம். மாறாத மனிதனைக் காண விரும்பும் ஐரோப்பிய வாசகனுடைய ஆசை மற்றொரு காரணம். கவின் மக்ஸ்வெல் 1957 இல் எழுதிய நூலும், கவின் யங் 1977 இல் எழுதிய நூலும் அந்த ஆசையின் வழியிலேயே வாசகரைப் பெற்றன.

தெசிஜரின் பழமை மோகத்தைக் குறை கூறுவதோடு நாம் அமைந்துவிடின், பாதி உண்மையையே கூறியவர்களாவோம். மற்றப் பாதி முற்போக்கு அணியைச் சார்ந்த நமக்கு அவ்வளவு உவப்பானதன்று.

சதுப்பு நிலம் என்றால் நோய் விளையும் பாழ்நிலம், அதனை வடித்து வயலாக்குவதே முன்னேற்றம் என்ற கருத்து இருபதாம் நூற்றாண்டில் எல்லா அணிகளுக்கும் பொதுவாக இருந்தது. 1951 இல் ஹெய்க் என்னும் பிரித்தானிய பொறியியலாளரின் தலைமையில் வெளிவந்த நீர்ப்பாசன அறிக்கை, சதுப்பிற் பரந்து ஆவியாகும் நீரை இழப்பாகக் கொண்டு, அதனைக் கால்வாய்களில் ஒடுக்கிப் பாசனத்திற்கு ஆக்கும் வழிகளை வகுத்தது. நீரின் அளவு அதிற் கணக்கிடப்பட்டது. நாணல், மீன், எருமை, அவற்றால் வாழ்ந்த குடும்பம் ஆகியன கணக்கில் ஏறவில்லை. குடியேற்ற ஆட்சியின் பொறியியலாளனும், அவ்வாட்சியை எதிர்த்த தேசியவாதியும், திட்டமிட்ட அபிவிருத்தியை நம்பிய இடதுசாரியும் இந்த ஒரு கணக்கில் மட்டும் பெரிதும் வேறுபட்டாரல்லர். ஈரநிலத்தை வறள்நிலமாக்குவது வெற்றியெனப் பாடிய கவிதைகளும், அணைக்கட்டைக் கதாநாயகனாக்கிய நாவல்களும் பல மொழிகளில் எழுந்த காலம் அது.

அக்கணக்கைச் சதாம் ஹுசைனின் ஆட்சி பயன்படுத்திக் கொண்டது. 1980 முதல் 1988 வரை நடந்த ஈரான் யுத்தத்தில் ஹவிஸாச் சதுப்பு போர்க்களமாகி, அதற்குள் இராணுவப் பாதைகளும் கரைகளும் போடப்பட்டிருந்தன. 1991 இல் தெற்கே எழுந்த கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது, தப்பியோடியோர் நாணற்காட்டிற் புகலிடம் தேடினர். அந்நிலம் அதிகாரத்தை எதிர்த்தோருக்கு எக்காலத்தும் அரணாக இருந்து வந்துள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியக் கலீபாக்களுக்கெதிராக எழுந்த கறுப்பின அடிமைகள் அவ்வரணில் நின்றே 869 முதல் 883 வரை போரிட்டனர். 1968 இல் காலித் அகமது சாக்கி என்னும் இளம் பொதுவுடைமைவாதி ஆயுதமேந்தி மடிந்ததும் அச்சதுப்புகளிலேதான். ஆதலின் அரணையே அழிப்பதென ஆட்சி முடிவு செய்தது.

முதலிற் சொற்கள் வந்தன என்பது எழுத்தாளர் கவனிக்க வேண்டியதொன்று. 1991 ஏப்பிரலில் ஆளுங்கட்சியின் நாளேடான அல்-தவ்ராவிற் பெயர் குறிப்பிடாத கட்டுரைத் தொடரொன்று வெளிவந்தது. சதுப்பு மக்கள் எருமைகளோடு இந்தியாவிலிருந்து வந்தவர்கள், பண்பற்றவர்கள், உண்மை ஈராக்கியர் அல்லர் என்ற பொருளில் அது எழுதப்பட்டிருந்தது. சொற்களைத் தொடர்ந்து கரைகள் வந்தன. 565 கிலோமீற்றர் நீளமான பெருவடிகால் 1992 டிசெம்பரில் முடிக்கப்பட்டது. உவர் நிலத்தின் கழிவு நீரை அகற்றும் நோக்கோடு 1950களிலேயே தொடங்கிய வேலை அது. அடுத்து, தைகிரிசின் கிளைகள் மத்திய சதுப்பில் விழாதவாறு நீண்ட கால்வாயொன்றினால் தடுத்துத் திருப்பப்பட்டன. கிராமங்கள் எரிக்கப்பட்டன, பல பத்தாயிரவர் ஈரானுக்கு அகதிகளாக ஓடினர், எஞ்சியோர் நகரங்களின் ஓரங்களிற் சிதறினர். இவையனைத்தும் நிலமீட்பு, விவசாய அபிவிருத்தி என்ற பெயர்களிலேயே நடைபெற்றன. ஐக்கிய நாடுகள் சூழல் நிறுவனம் 2001 இல் செய்மதிப் படங்களை ஒப்பிட்டு வெளியிட்ட அறிக்கை, சதுப்பின் 90 சதவீதம் அழிந்துவிட்டதென உலகுக்குக் காட்டியது. மத்திய சதுப்பும் ஹம்மாரும் உப்புப் பூத்த வெளிகளாகிக் கிடந்தன. 'முன்னேற்றம்' என்னும் சொல்லைக் கையாளும் நாம், அச்சொல்லின் நிழலில் நடந்த இச்செயலை மறத்தல் ஆகாது.

2003 இல் ஆட்சி வீழ்ந்தது. தெசிஜர் மறைந்ததும் அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே. அந்நிய நிபுணர் குழு எதுவும் வந்து சேருமுன், உள்ளூர் மக்கள் மண்வெட்டியோடும் கிடைத்த இயந்திரங்களோடும் சென்று கரைகளை வெட்டித் திறந்தனர். நீர்ப்பாசனப் பகுதி அலுவலர் சிலரும் மதகுகளைத் திறந்து உதவினர். நீர் புகுந்த பல இடங்களிற் சில மாதங்களுள் நாணல் தலைகாட்டியது. மண்ணுக்குள்ளே கிழங்கும் வித்தும் உயிரோடிருந்தன. 2005 அளவில் முன்னைய பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் மீண்டும் நீர் நின்றது. அற்றுப்போயிருக்கலாமென அஞ்சப்பட்ட பறவைகள் திரும்பின. ஏறத்தாழ முற்றிலும் இப்பகுதியிலேயே கூடுகட்டிக் குளிர்காலத்தைக் கிழக்கு ஆபிரிக்காவிற் கழிக்கும் பஸ்ராவின் நாணற் குருவி மீண்டும் பாடியது. புலம்பெயர்ந்திருந்த ஈராக்கியப் பொறியியலாளர் அசாம் அல்வாஷ் நாடு திரும்பி, 'நேச்சர் ஈராக்' என்னும் அமைப்பை நிறுவி இப்பணியை முன்னெடுத்தார். ஹவிஸா 2007 இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. 2013 இல் மத்திய சதுப்பு தேசியப் பூங்காவாயிற்று. 2016 இல் நான்கு சதுப்பு நிலப்பகுதிகளும் ஊர், உருக், எரிது ஆகிய பண்டை நகரங்களும் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன.

இந்த மீட்சி எளிதில் முடிந்த கதையன்று. வெள்ளம் பாய்ந்த இடமெல்லாம் சதுப்பு ஆகிவிடவில்லை. உப்பும் கந்தகமும் ஏறிய மண்ணில் நீர் தேங்கியதேயன்றி உயிர் தழைக்கவில்லை. பழைய சதுப்பை வாழவைத்தது நீரின் அளவு மட்டுமன்று, அது வந்த பருவமும் ஓடிய ஓட்டமுமாகும். அனத்தோலியாவில் அணைகள் எழுந்தபின் இளவேனில் வெள்ளம் வருவதில்லை. யூப்ரட்டீசின்மேல் துருக்கியின் அத்தாதுர்க் அணையும், சிரியாவின் அணைகளும், 2019 முதல் தைகிரிசை மறித்த இலிசு அணையும், ஹவிஸாவின் குறுக்கே ஈரான் எழுப்பிய கரையும் சேர்ந்து அந்த மூச்சை அடைத்துள்ளன. யூப்ரட்டீசின் நீர்மட்டம் தாழ்ந்து, சதுப்பிற்கு நீர் ஏறாமையால், அந்த ஆற்றையே குறுக்கே மண்ணணை இட்டு உயர்த்த வேண்டிய நிலை சிபாயிஷ் மக்களுக்கு நேர்ந்தது. 2009, 2015, 2018 ஆகிய ஆண்டுகளில் வறட்சி வந்தது. 2021 முதல் 2023 வரை வந்த வறட்சி அவற்றினும் கொடியது. உவர்நீர் குடித்த எருமைகள் நோயுற்று மாண்டன. குடும்பங்கள் மறுபடியும் தோணியைக் கரையில் விட்டுப் புறப்பட்டன.

இதனை முன்னிறுத்திப் பார்க்கும்போதே நாம் தொடங்கிய வினாவின் கனம் விளங்கும். எதனை மீட்பது? தெசிஜரின் புகைப்படத்தை மீட்பதா? மீட்புத் திட்டங்களைப் பற்றிய செய்திகளைப் படிப்போர் ஒரு பொதுத்தன்மையைக் காணலாம். ஏதேன் தோட்டம், ஐயாயிரம் ஆண்டு மாறாத வாழ்வு, நாணல் மண்டபம் என்ற சித்திரங்களே அவற்றிலும் முன்வருகின்றன. அச்சித்திரம் நன்கொடையையும் அனுதாபத்தையும் திரட்ட உதவியிருக்கலாம். ஆனால் திரும்பி வந்தவர்கள் இடம்பெயர்ந்தோரில் ஒரு பகுதியினரே. வந்தவர்கள் குடிக்க நல்ல நீர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், நோய்க்கு மருத்துவமனை, வீட்டிற்கு மின்சாரம் ஆகியவற்றைக் கேட்டனர். நகரத்தில் வளர்ந்த இளைஞன் நாணல் வீட்டிற்குத் திரும்ப விரும்பாமையை அழிவு என்று கொள்வது மீண்டும் தெசிஜரின் கண்ணாற் பார்ப்பதேயாகும்.

இன்னொரு புறத்தில், மின்சாரத்தை நீரிற் பாய்ச்சி மீன் பிடிக்கும் சட்டவிரோத முறை பரவியிருக்கின்றது. பெரிய மீனோடு குஞ்சும் மடிகின்றது. ஈட்டியால் மீன் குத்திய வீரரின் வாரிசுகள் சீரழிந்துவிட்டனர் என்று இதற்கு இரங்கல் பாடுவது எளிது. நீர் குறைந்து, மீன் குறைந்து, வேறு வேலை எதுவுமற்ற ஒருவன் ஓரிரவில் ஒரு வாரத்து உணவைத் தேடுகிறான் என்பதே உண்மை. அவனுக்கு வேறு பிழைப்பு வழி அமையாதவரை தடைச்சட்டம் மீனைக் காப்பாற்றப் போவதில்லை. காலடியில் எண்ணெய் வளம் கிடக்கின்றது. மஜ்னூன் எண்ணெய்வயல் ஹவிஸாவின் பகுதியிலேயே இருக்கின்றது. அந்த எண்ணெயின் செல்வத்தில் அம்மக்களுக்குக் கிடைத்த பங்கு என்ன என்று கேளாமல், அவர்கள் பழைய தொழிலைப் பழைய முறையிலேயே செய்ய வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகாது.

தமிழ் வாசகர் இவ்விடத்திற் பண்டைத் திணைக் கோட்பாட்டை நினைவுகூரலாம். தொல்காப்பியம் கருப்பொருளை வகுக்குமிடத்து, விலங்கையும் மரத்தையும் பறவையையும் மட்டும் எண்ணி அமையவில்லை. மக்களின் உணவும், தொழிலும், பறையும், யாழும் அதே வரிசையில் இடம்பெறுகின்றன. பறவையைக் காத்துத் தொழிலை நீக்கினால் திணை முழுமை பெறாது. தொழிலைப் பெருக்கிப் பறவையை ஒழித்தாலும் முழுமை பெறாது. ஹெய்க்கின் அறிக்கை இவ்வரிசையில் நீரை மட்டும் தனியே எடுத்தது. தெசிஜரின் நூல் வரிசை முழுவதையும் அன்போடு எடுத்தது. ஆனால் காலத்தை அதிலிருந்து கழித்துவிட்டது. திணைக் கோட்பாட்டிலோ நிலத்தோடு பொழுதும் சேர்ந்தே முதற்பொருள் ஆகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது. பொழுதில்லாத நிலம் ஓவியமாகலாம்; வாழுமிடமாகாது.

இலக்கியத்தின் பொறுப்பு இங்கேதான் வருகின்றது. ஈரநிலத்தை மீட்பதென்பது பொறியியலும் உயிரியலும் மட்டும் சார்ந்த காரியமன்று. ஆற்றின் மேற்பகுதியிலுள்ள அரசு கீழ்ப்பகுதியிலுள்ள மக்களுக்கு எத்துணை நீர் விட வேண்டும், அந்நீரில் வயலுக்கும் நகரத்திற்கும் எண்ணெய்க்கும் எவ்வளவு, நாணலுக்கும் மீனுக்கும் எவ்வளவு என்பன அதிகாரத்தைப் பற்றிய கேள்விகள். அக்கேள்விகளைத் தீர்க்குமிடத்திற் சிபாயிஷின் பாய் முடையும் பெண்ணுக்கும் எருமை மேய்ப்பவனுக்கும் இடமுண்டா என்பதே முடிவான சோதனை. அவர்களுக்கு இடமில்லாதபோது, மீட்கப்பட்ட சதுப்பு சுற்றுலாப் பயணியின் பூங்காவாக எஞ்சும். அடுத்த வறட்சியில் அதுவும் எஞ்சாது.

ஆதலின் தெசிஜரைப் படிக்க வேண்டும். நுணுகிப் படிக்க வேண்டும். நாணலின் பெயரையும் பறவையின் வருகையையும் அவரைப்போற் கூர்ந்து நோக்கும் எழுத்தாளர் நம்மிடையே குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் விட்டுச்சென்ற நூலின் அருகிலே சலீமின் நூலையும் வைக்க வேண்டும். இனி எழுதப்பட வேண்டிய மூன்றாவது நூல் ஒன்று இருக்கின்றது. 2003 இற் கரையை வெட்டிய கைகளுக்குரியவன், அக்கரைக்கு அப்பால் நீர் பாய்ந்ததையும் பின்னர் அது உவர்த்து வற்றியதையும் கண்டவன், தன் மகளைப் பள்ளிக்கூடத் தோணியில் ஏற்றிவிட்டு எருமைக்கு நீர் தேடிச் செல்பவன் எழுத வேண்டிய நூல் அது. அந்நூல் வெளிவரும் நாளில், சதுப்பு நிலத்து மக்கள் பிறர் கண்ணில் எவ்வாறு தோன்றினர் என்பதை விட்டு, அவர்கள் தம் நீரைப் பற்றி என்ன கூறுகின்றனர் என்பதை உலகம் கேட்கத் தொடங்கும்.